நாலு மணி நேரம்தான் கையில் இருக்கிறது, சிங்கப்பூரில் சாகசத்துக்கு எங்கே போவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பணிப்பெண்ணும் தம்பியும் உதவிக்கு இருந்தாலும் இரவு வெளியே தங்க முடியாது, விமானம் ஏறுவதைப் பற்றி நினைக்கவே முடியாது. மலேசியாவின் கினபாலு மலைக்குப் போட்ட திட்டம் கைவிட்டுப் போனது. "வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் நாலு ஐந்து மணி நேரம் கிடைக்கும். இந்த ஊரில் சாகசம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? எல்லாம் சிமெண்ட் போட்ட பூங்காதானே! தயவுசெய்து பூங்கா நடை என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள்" என்று எழுதியிருந்தீர்கள், தங்கச்சி.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நானும் இதே வார்த்தையை ஒரு காலத்தில் சொன்னவள். என் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை 7 மணிக்குக் கொண்டுபோய் விட்டால் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருப்பார். முதல் இரண்டு மாதம் அந்த நாலு மணி நேரத்தையும் காபிக் கடையில் உட்கார்ந்து தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்தே கழித்தேன். அப்புறம் அங்கே இருந்த தாதி ஒருவர், "இங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க, எங்கேயாவது நடந்துட்டு வாங்க" என்று கிட்டத்தட்ட விரட்டிவிட்டார். அப்படித் தொடங்கியதுதான். மூன்று வருடம் ஓடியது. அந்த மூன்று வருடத்தில் நான் பார்த்த சிங்கப்பூரை அதற்கு முந்தைய நாற்பது வருடத்தில் பார்த்ததில்லை.

சிங்கப்பூர் கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர். இயற்கையாக உள்ள மிக உயரமான இடம் புக்கிட் தீமா, 163 மீட்டர். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் சாகசத்துக்கு இடமில்லைதான். புதிய இடம் தேடி நீங்கள் ஓட முடியாது. ஆனால் புதிய நேரத்துக்குப் போகலாம். ஞாயிறு காலை 10 மணிக்கு புக்கிட் தீமா ஏறினால் தேக்கா ஈரச்சந்தைக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். அதே மலையில் செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு, இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த பிறகு ஏறிப் பாருங்கள். இலையில் தேங்கிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும், பத்தடிக்கு மேல் மூடுபனியில் எதுவும் தெரியாது, ஆள் நடமாட்டம் இருக்காது. போன இடம் ஒன்றுதான், பார்த்த காடு வேறு.

சாகசம் என்றால் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் போவது, அவ்வளவுதான். அந்தத் தெரியாமையை ஊர் தராவிட்டால் கடலும் மழையும் இருட்டும் தரும். இதில் கடலைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் தினம் கிழிக்கும் தமிழ் நாட்காட்டி இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ஒட்டி வரும் மூன்று நான்கு நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக உள்வாங்கும். பள்ளியில் ஓதம் என்று படித்திருப்போம். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் வருவது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இழுவை பிரிந்துவிடும், கடலும் பெரிதாக அசையாது. நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். சரியான மணியும் உயரமும் வேண்டுமென்றால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையப்பக்கத்தில் அட்டவணை இருக்கிறது. அதில் 0.3 மீட்டருக்குக் கீழே ஒரு எண் தென்பட்டால் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.

ஒரு விசேஷம் இருக்கிறது. நம் ஊரில் ஆண்டின் நடுப்பகுதியில் இந்த ஆழ்ந்த வற்றம் விடியலுக்கு முன்னால் வரும். ஆண்டுக் கடைசியில் மாலை, முன்னிரவில் வரும். நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. அம்மா தூங்கும்போது போய், அம்மா எழுவதற்குள் வந்துவிடலாம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் 4 மணிக்கு எழுந்து, கணவரிடம் சொல்லிவிட்டு சாங்கி கடற்கரைக்குப் போவேன். 7 மணிக்குத்தான் சூரியன் வரும். அதற்குள் கடல் மறுபடி மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும்.

முதல் முறை போனதைச் சொல்கிறேன். நான் பிறந்ததிலிருந்து பார்த்த கடற்கரை அது. சின்ன வயதில் நாசி லெமாக் பொட்டலத்தோடு போய் உட்கார்ந்த இடம். அன்று தண்ணீரைக் காணோம். எங்கேயோ தூரத்தில் கப்பல் விளக்குகளுக்குக் கீழே ஒரு வெள்ளிக் கோடு மட்டும். நடுவில் கரும்பச்சையாகக் கடற்புல் வெளி. டார்ச் அடித்து நின்றபோது காலடியில் சட், சட் என்று யாரோ சொடக்குப் போடுவது போல் சத்தம். இடமெல்லாம் கேட்கிறது, ஆள் இல்லை. பயந்துதான் போனேன். அது சொடுக்கி இறால். ஒரு கொடுக்கைப் படக்கென்று மூடி எழுப்பும் சத்தம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். தலைக்கு மேலே சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் வயிறு தெரியத் தாழ்ந்து போனது. அதில் வருபவர்கள் எங்கெங்கோ போய்விட்டு வருகிறார்கள், நான் பக்கத்தில் உள்ள பிடோக்கிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புல்லுக்கு நடுவே பழைய பிளாஸ்டிக் காலர் கிழிந்து கிடப்பது போல் ஒன்று இருந்தது. குப்பை என்று எடுக்கப் போனேன். நல்லவேளை, எடுக்கவில்லை. நிலாச் சங்கு என்று ஒரு சங்கு மணலையும் தன் கோழையையும் குழைத்து, நடுவில் முட்டைகளைப் பதித்துச் செய்யும் பட்டை அது. ஒரு விரல் அகலம், வளைந்து, ஓரம் லேசாகச் சுருக்கம் வைத்து, தையற்காரர் தைத்த மாதிரி இருந்தது. முட்டை பொரிந்ததும் மணலாக உதிர்ந்துவிடுமாம். இரண்டடி தள்ளிக் கடல் சாமந்தி, ஊதா நிற நுனியோடு. ஒரு கடல் அட்டை. சங்கு ஓட்டைச் சுமந்து ஓடும் முனிவன் நண்டு, என் டார்ச்சைப் பார்த்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. விடியும் வரை நூறு மீட்டர்கூட நான் நடக்கவில்லை.

அகலக் கால் வைத்து மாட்டிக்கொண்டதையும் சொல்லவேண்டும். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, தைரியம் வந்துவிட்டது. கரைக்கும் வெளியே உள்ள மணல் திட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம், கணுக்கால் அளவுதான் தண்ணீர். தாண்டிப் போய் ஒரு நட்சத்திர மீன் பக்கத்தில் குந்திவிட்டேன். நிமிர்ந்தபோது திட்டு அப்படியே இருந்தது, முதுகுக்குப் பின்னால் பள்ளம் நிரம்பிவிட்டது. கடல் முன்னால் இருந்து வரும் என்று நினைப்போம். அது பின்னால் உள்ள பள்ளத்தை நிரப்பிக்கொண்டுதான் வரும். இடுப்பளவுத் தண்ணீரில் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையேறினேன். அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். அட்டவணையில் வற்றம் 5:20 என்றால் 5:20க்கு என் முகம் கரையைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் மெதுவாக ஏறும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் வேகம்.

காலில் மூடிய காலணி கட்டாயம். கல் மீன், திருக்கை இரண்டும் நம் கரைகளில் உண்டு. தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எதையும் எடுக்காதீர்கள், கல்லைப் புரட்டினால் பழையபடி வைத்துவிடுங்கள். கொரோனா காலத்தில் எல்லைகள் மூடிக் கிடந்தபோது ஊரே வாளியும் கரண்டியுமாக இந்தக் கரைகளுக்கு வந்து இறங்கியது. குழந்தைகள் நட்சத்திர மீனை வாளியில் போட்டு வெயிலில் வைத்திருந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கரையில் இந்த வேலையே ஆகாது. அங்கே பலகைப் பாதையிலிருந்துதான் பார்க்க வேண்டும், கீழே இறங்க அனுமதி பெற்ற வழிகாட்டி நடை வேண்டும்.

இதே அட்டவணையைத் தலைகீழாகப் படித்தால் இன்னொரு இடம் திறக்கும். சுங்கை பூலோ சதுப்புநிலம், கிராஞ்சிப் பக்கம். ஒரு காலத்தில் இறால் பண்ணைக் குட்டைகளாக இருந்த இடம், 1993ல் பூங்காவாகி 2002ல் பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதியானது. செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா வரை வடக்கே இருந்து பறவைகள் வந்து இறங்கும். நம்மவர்கள் பலர் ஒரு முறை போய், சேற்றில் தூரத்தில் நாலு புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "என்னத்தைப் பெரிய பறவை" என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கடல் வற்றிய நேரத்தில் போயிருப்பார்கள். கடல் வற்றினால் பறவைகள் வெளியே பரந்த சேற்றில் மேயும். கடல் ஏறும்போது மேய இடமின்றி உள்குட்டைகளுக்குப் பறந்து வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் மறைவிடத்துக்கு எதிரிலேயே கூட்டமாக நிற்கும். ஆகவே இங்கே ஏற்றத்துக்கு ஒரு மணி முன்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கோடியக்கரைக்குப் போக முடியவில்லை என்று நான் ஏங்கியது அங்கேதான் தீர்ந்தது. உப்புநீர் முதலைகளும் அங்கே உண்டு, பலகையில் எழுதியிருப்பது விளையாட்டுக்கு இல்லை.

மலையேறுகிறவருக்கு இதெல்லாம் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகத் தோன்றலாம். கால் அரிக்கிறது என்றால் ரயில் பாதைக்குப் போங்கள்.

மலாயா ரயில் ஓடிய தடம், கிராஞ்சியிலிருந்து தஞ்சோங் பகார் பக்கம் வரை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அன்று புக்கிட் தீமா நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன். தலைகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மறுநாள் நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது. இப்போது தண்டவாளம் போய்விட்டது, புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்கள் இருக்கின்றன, சின்ன நிலையம் புதுப்பித்து நிற்கிறது.

பாதி பாதியாக இதை எல்லாரும் நடக்கிறார்கள். நான் சொல்வது ஒரே மூச்சில், இருட்டில் தொடங்கி. பல பகுதிகளில் விளக்கே கிடையாது. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் விடிகாலை நின்று தெற்கே நடக்கத் தொடங்கினால், சுவா சூ காங் பக்கம் கிழக்கு வெளுக்கும், ஹில்வியூவில் வெயில் வரும். நான் ஆறு மணி நேரத்தில் முடித்தேன். உங்கள் வேகத்துக்கு ஐந்து போதும். எங்கே முடியாமல் போனாலும் கொஞ்ச தூரத்தில் எம்ஆர்டியோ பேருந்தோ உண்டு. உங்கள் நிலைமையில் இதுதான் முக்கியம். தொலைபேசி வந்தால் அரை மணியில் வீட்டில் இருக்கலாம். போவதற்கு முன் ஏதாவது பகுதி பணிக்காக மூடியிருக்கிறதா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நடக்கும்போது பக்கத்தில் இருக்கும் மரத்தண்டுகளில் டார்ச்சை மெதுவாக ஓட்டுங்கள். பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு, பூனை அளவில், பெரிய கண்ணோடு ஒன்று இருக்கலாம். கொலுகோ. பறக்கும் லெமூர் என்பார்கள், உண்மையில் அது லெமூரும் இல்லை, பறப்பதும் இல்லை, கைகால்களுக்கு நடுவில் உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும். எட்டு முறை போய் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். வெளிச்சத்தை அதன் கண்ணில் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு விஷயம், இது நம்மவர்களுக்காக. இந்த ரயில் பாதையைப் பராமரித்தவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். குவீன்ஸ்வே அருகே தண்டவாள ஓரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரன்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறார். பாதையிலிருந்து விலகிப் போய் ஒரு கும்பிடு போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு மறுபடி நடக்கலாம். சேறு படிந்த காலோடு போகாமல் வெளியே குழாயில் கழுவிக்கொள்ளுங்கள். நான் கழுவாமல் போய் ஒரு பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு முழு நடைக்கு நேரமில்லாத வாரங்களில் தாம்சன் இயற்கைப் பூங்கா. 2019ல் திறந்தது. பெயரில்தான் பூங்கா, நீங்கள் கோபப்பட வேண்டாம். அங்கே ஒரு ஹைனானியக் கிராமம் இருந்தது. காட்டுக்குள் வீட்டுப்படிகள், சுவரின் துண்டு, வேர் பிளந்த வாசற்படி என்று இன்னும் கிடக்கிறது. மழை பெய்துவிட்ட வார நாள் காலையில் அந்தப் படிகளில் உட்கார்ந்தால் மேலே கிளை குலுங்கும். உடல் கறுப்பாக, தொடையின் உட்புறத்தில் வெள்ளைப் பட்டையோடு இருந்தால், வரிலங்கூர். சிங்கப்பூரில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கும் குரங்கு அது. பக்கத்தில் ஓடும் பழைய அப்பர் தாம்சன் சாலையில்தான் 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை.

கினபாலுவை விட்டுவிட முடியாது என்றால் அதற்கும் வழி உண்டு, அழகான வழி இல்லை. திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர், இரவு தங்கும் லாபான் ராத்தா 3,272 மீட்டர். முதல் நாள் ஏற்றம் சுமார் 1,400 மீட்டர். உங்கள் வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் 25 மாடி என்றால், ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் வைத்தாலும் ஒரு முறைக்கு 70 மீட்டர். இருபது முறை ஏறினால் மலை. இறங்க மின்தூக்கி இருக்கிறது, முட்டிக்கு நல்லது. 1998ல் எவரெஸ்ட் தொட்ட முதல் சிங்கப்பூர்க் குழுவினரும் மலையில்லாத இந்த ஊரில் மாடிப்படி ஏறித்தான் காலைப் பழக்கினார்கள். மழை கொட்டும் இரவில், முதுகில் 6 கிலோ அரிசிப் பையோடு, அம்மா தூங்கிய பிறகு ஏறலாம். பதினைந்தாவது முறையில் பத்தாம் மாடிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

புலாவ் உபினைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால் ஒன்றே ஒன்று. சாங்கி படகுத்துறையில் பம்போட் என்ற சிறு மோட்டார் படகுக்கு நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி. ஞாயிறு காலை 9 மணிக்குக் கூட்டம் அள்ளும். வார நாளில் விடிந்ததும் போனால் காத்திருக்க வேண்டியிருக்கும், பொறுக்க முடியாவிட்டால் 48 வெள்ளி கொடுத்துத் தனியாகப் போகலாம். நான் ஒரே ஒரு முறை அப்படிப் போனேன், அந்த மாதம் மீன் வாங்கவில்லை. போன பிறகு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எல்லாரும் செக் ஜாவா பக்கம் திரும்புவார்கள். நீங்கள் மேற்கே கேதாம் பக்கம், பழைய கருங்கல் குவாரிகளின் பக்கம் போங்கள். அங்கே காலையில் ஒரு குயிலோசை மாதிரி, ஆனால் குயிலைவிட நீளமாக, குமிழி குமிழியாக ஒரு பாட்டு கேட்கும். வைக்கோல்தலைக் கொண்டைக்குருவி. பாட்டுக்காகவே பிடித்து விற்று, மற்ற நாடுகளில் கிட்டத்தட்ட துடைத்துவிட்டார்கள். உலகத்தில் மிச்சமிருக்கும் நல்ல புகலிடங்களில் உபின் ஒன்று. அதைக் கேட்பதற்காக வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள் என்பதை நினைத்தால் உங்கள் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும்.

துடுப்புப் படகு பழகவேண்டும் என்றால் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் தொடங்கலாம், அலை கிடையாது. கடலில் எடுக்கச் சில இடங்களில் முதல் நிலைச் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடலாம். கூடாரம் போட்டு ஓரிரவு என்றால் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற கடலோரப் பூங்காக்களில் அனுமதிச் சீட்டோடு முடியும். உங்களுக்கு இப்போது தேவைப்படாது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி ஒரு முழு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் நாளுக்கு ஒரு இடம் வைத்திருங்கள். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவு. அங்கிருந்து பாலப்பாதையில் நடந்தே லாசரஸ் தீவுக்குப் போகலாம், எல்லாரும் அந்த மணலுக்காகத்தான் போகிறார்கள். நான் செயின்ட் ஜான்ஸிலேயே நின்றுவிடுவேன். 1874ல் அங்கே நோய்த்தடுப்புத் தனிமை நிலையம் வந்தது. மெட்ராஸிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி மேல்தட்டில் வந்த நம் ஆட்களை ஊருக்குள் விடுவதற்கு முன் அங்கேதான் இறக்கி வைத்தார்கள். என் தாத்தா அங்கே இருந்த நாட்களைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "அங்கேருந்து பார்த்தா சிங்கப்பூரு தெரியும்டா, போகத்தான் விடமாட்டான்." கரையில் நின்று இன்றைய கட்டடங்களைப் பார்த்தபோது அது என் காதில் கேட்டது. நீந்த இறங்கினால் கரையோரமே போதும், அந்தப் பக்கத்து நீரோட்டம் பொல்லாதது.

இனிப் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவோம். பாம்புக்கு இல்லை, மின்னலுக்கு. உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பாருங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். அப்படி எண்ணும் நிலைமைக்கு வந்துவிட்டாலே கடற்கரையிலோ மரத்தடியிலோ நிற்கக் கூடாது, கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. விடியலில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, சுமத்ரா சூறைக்காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, மேற்கே மலாக்கா நீரிணையில் கூடி, விடிகாலையில் சுவர் போல் வந்து இறங்கும். கிளம்பும்போது வானத்தில் நட்சத்திரம் இருக்கும், ஒரு மணி நேரத்தில் மரம் முறியும். வீட்டை விட்டு இறங்குமுன் கைப்பேசியில் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். மேற்கிலிருந்து சிவப்புப் பட்டை வந்துகொண்டிருந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம்.

காட்டுப்பன்றி எதிரே வந்தால் ஓடாதீர்கள், மெதுவாகப் பின்னால் நகருங்கள். குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். குரங்கு நெகிழிப் பையைப் பார்த்தால் உணவு என்று நினைக்கும், ஆகவே முதுகுப்பைக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். தப்பித்தவறிக்கூட வனவிலங்குக்கு உணவு போடாதீர்கள், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். இயற்கை வனப்பகுதிகளில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை நுழையக் கூடாது, போட்ட பாதையை விட்டு இறங்கவும் கூடாது. மேற்கே ராணுவம் சுட்டுப் பழகும் பகுதியின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பெண் தனியாக இருட்டில் போகலாமா என்று கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். நான் தனியாகப் போயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் கடல் வற்றும் இடத்துக்கு ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். அது ஆளுக்குப் பயந்து இல்லை, கணுக்கால் சுளுக்கினால் தண்ணீர் காத்திருக்காது என்பதால். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குக் கரையில் இருப்பேன் என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு இறங்குங்கள்.

காலணி எது வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மலைக்கு வாங்கி வைத்த விலையுயர்ந்த பூட்ஸை உப்புத் தண்ணீரில் இறக்காதீர்கள், ஒரே மாதத்தில் பசை விட்டுவிடும். அக்கம்பக்கக் கடையில் பத்து, பன்னிரண்டு வெள்ளிக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள கான்வாஸ் காலணி கிடைக்கும், கணுக்காலை மூடுவதாகப் பாருங்கள், அரை அளவு பெரிதாக எடுங்கள், உள்ளே தடித்த காலுறை போட்டுக்கொள்ளலாம். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி வீட்டு வாசலில் தாழ்வாரத்தில் காய வையுங்கள். எப்படிக் கழுவினாலும் சேற்று வாடை இரண்டு நாளைக்குப் போகாது. என் அம்மா சக்கர நாற்காலியில் வாசலைத் தாண்டும்போது அதை மோந்துவிட்டு, "செம்பவாங் கடற்கரைச் சேறு இப்படித்தான் நாறும், நாங்க சின்னதுல மட்டி பொறுக்குவோம்" என்றார். அவர் கம்பத்தில் (கிராமத்தில்) மட்டிச் சிப்பி பொறுக்கியது எனக்கு அதுவரை தெரியாது. அதற்கப்புறம் நான் எந்தக் கரைக்குப் போனாலும், இயந்திரத்தில் படுத்தபடி முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: "மட்டி இருந்துச்சா?"

அடுத்த அமாவாசை எப்போது என்று நாட்காட்டியைப் பாருங்கள். சாங்கிக்கு என்றால் நானும் வருகிறேன், சொல்லுங்கள்.